களம் யாருடையது?

கோடை விடுமுறையில் நம் தூத்துக்குடி மாவட்டத்துச் சிற்றூர்களுக்குச் சென்று திரும்புவோர் ஒரு புலம்பலைத் தவறாமல் கேட்டு வருகின்றனர். கிட்டிப்புள் போயிற்று; கிளியாந்தட்டு போயிற்று; சடுகுடு ஆடிய பொட்டலில் இன்று பிள்ளைகள் மட்டையும் பந்துமாய் நிற்கின்றனர்; அயல்நாட்டுக் கிரிக்கெட் வந்து நம் விளையாட்டுகளை விழுங்கிவிட்டது என்பதே அப்புலம்பல். திண்ணையில் தொடங்கிப் பள்ளி ஆண்டுவிழா மேடை வரை அது ஒலிக்கிறது. கேட்பதற்கு உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது உண்மையன்று. உண்மையான குற்றவாளியை மறைக்க நாம் கட்டிக்கொண்ட கதை அது.

மரபு எது, புதுமை எது என்று முதலில் பார்ப்போம். சடுகுடு நம் மண்ணின் ஆட்டம். அந்த ஆட்டம் எப்படிப் பிழைத்தது? அளந்த களம், நடுவர், பாடிச் செல்வதற்கு முப்பது நொடி என்னும் வரையறை ஆகிய புதுமைகளை ஏற்றுக் கபடியாக வளர்ந்ததால் பிழைத்தது. 1990-இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் அது பதக்க ஆட்டமாயிற்று. அடுத்து 1994-இல் ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற இந்திய அணியில் நம் மாவட்டத்து மணத்தி என்னும் சிற்றூரின் மகன் கணேசன் இருந்தார். 1995-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் பெற்றார். அவர் வாழ்வைத் தழுவியே 2025-இல் மாரி செல்வராஜின் 'பைசன்' திரைப்படம் வந்தது. இதே கபடியில்தான் 2018-இல் ஜகார்த்தாவில் ஆடவர், மகளிர் என இரு தங்கங்களையும் ஈரான் நம்மிடமிருந்து எடுத்துச் சென்றது. 'எங்கள் ஆட்டம்' என்னும் பெருமை ஒருபோதும் புள்ளி எடுத்துத் தருவதில்லை. பயிற்சியே எடுத்துத் தருகிறது.

இனிக் கோவில்பட்டியைப் பாருங்கள். தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர்பெற்ற அந்தக் கரிசல் ஊர், ஹாக்கியின் விளைநிலமும் ஆகும். அண்ணன் பிடித்த மட்டையைத் தம்பி பிடிப்பதும், அகில இந்தியப் போட்டிகளைக் காண ஊரே திரள்வதும் அங்கு இயல்பு. 2022-இல் இளையோர் ஆடவருக்கான தேசிய ஹாக்கிப் போட்டி அங்கே நடந்தது. அதே ஆண்டு ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் கோவில்பட்டியின் மாரீஸ்வரன் ஆடினார். ஹாக்கி அயலார் ஆட்டம் என்று கோவில்பட்டிச் சிறுவனிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பான். இறங்கி ஆடுகிறவர்க்கே ஆட்டம் சொந்தம். அது எந்தக் கப்பலில் வந்தது என்று கேட்பது வீண்.

அப்படியானால் நம் விளையாட்டை அழிப்பது யார்? மூவரைச் சுட்டுவோம். மூன்றும் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன.

முதலாவது, சாதி. பழைய விளையாட்டுகளைப் போற்றுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். பொட்டல் ஊருக்குப் பொது என்று பெயர்; ஆனால் எத்தனை ஊர்களில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் அங்கே இறங்க முடிந்தது? இளவட்டக்கல் எல்லார் தோளுக்கும் ஒரே கனம்தான். ஆயினும் அதைத் தொடும் உரிமை எல்லார்க்கும் ஒன்றாக இருந்ததா? வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்களின் பிள்ளைகள் இன்று களத்திற்குள் வந்திருக்கின்றனர். அதைத்தான் சிலரால் தாங்க முடியவில்லை. 2025 மார்ச்சில் நம் மாவட்டத்தில், தேர்வெழுதப் பேருந்தில் சென்ற பட்டியலின மாணவன் ஒருவன் வெட்டப்பட்டான்; அவன் விரல்கள் துண்டிக்கப்பட்டன. கபடிப் போட்டியில் அவன் அணி பெற்ற வெற்றியே பகைக்குக் காரணம் என்று குடும்பத்தார் கூறியதாகச் செய்திகள் வந்தன. அண்டை மாவட்டத்து நாங்குநேரியில் 2023-இல் நடந்த கொடுமைக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் கைக்கயிறுகளைப் பள்ளிகளில் தடை செய்யுமாறு 2024-இல் பரிந்துரைத்தது. கயிற்றை அவிழ்த்துவிடலாம். பனியனின் நிறத்திலும், அணியின் பெயரிலும், கோப்பையின் மேல் பொறித்த பட்டத்திலும் ஏறி நிற்கும் சாதியை யார் அவிழ்ப்பது?

இரண்டாவது, நம் பெண்பிள்ளைகளுக்கு நாம் போட்ட தாழ். பல்லாங்குழி, தாயம், பாண்டி என்று பெண்களுக்கு நாம் ஒதுக்கிய மரபு ஆட்டங்களில் பெரும்பாலானவை வீட்டுக்குள்ளோ முற்றத்திலோ அடங்கிவிடுபவை. பருவமெய்திய மறுநாளே ஓட்டப்பந்தயத்தில் முதலாவது வந்த சிறுமி வீட்டோடு நிறுத்தப்படுகிறாள். ஆனால் 2010 முதல் ஆசியப் போட்டிகளில் மகளிர் கபடி நடக்கிறது; நம் நாட்டுப் பெண்கள் தங்கம் வென்றிருக்கின்றனர். நெல்லை மாவட்டத்து வடலிவிளையில் பொங்கலன்று ஆண்கள் இளவட்டக்கல் தூக்க, பெண்கள் உரல் தூக்குகின்றனர். அதனால் அவ்வூரின் மானம் எதுவும் குறைந்துவிடவில்லை.

மூன்றாவது, மதிப்பெண். நம் பள்ளிகளையும் சேர்த்தே சொல்கிறோம். உடற்கல்விப் பாடவேளை கால அட்டவணையில் இருக்கிறது. பொதுத்தேர்வு வகுப்புகளில் அதைக் கணக்கும் அறிவியலும் பங்கிட்டுக்கொள்கின்றன. முன்னோர் தொலைநோக்கோடு விட்டுச்சென்ற பரந்த திடல்களில் கட்டடங்கள் எழுகின்றன. எஞ்சிய இடத்தில் பள்ளிப் பேருந்துகள் நிற்கின்றன. இதற்குத் தாளாளர்களை மட்டும் குறைகூறிப் பயனில்லை. மகனின் முழங்காலில் சிராய்ப்பைக் கண்டதும் தலைமையாசிரியரிடம் ஓடுகிறவர்கள் பெற்றோராகிய நாம்தாமே!

"விளையாட்டு சோறு போடுமா?" என்று கேட்பீர்கள். காவல் துறையிலும் இரயில்வேயிலும் விளையாட்டால் வேலை பெற்றோர் நம் ஊர்களில் உண்டு. ஆனால் நம் விடை அதுவன்று. விளையாட்டு மனிதனுக்குத் தோற்கக் கற்றுத் தருகிறது. சடுகுடுவில் பிடிபட்டவன் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு வெளியே போய் நிற்கிறான். தன் அணி புள்ளி எடுத்ததும் மீண்டும் உள்ளே வருகிறான். பிடித்தவன் கையையே பற்றி எழுவதும் உண்டு. ஒரு தோல்வியை இவ்வாறு ஏற்கப் பழகாத நெஞ்சுதான் ஆட்டம் முடிந்த பின்னும் பகையைச் சுமக்கிறது; அரிவாளைத் தேடுகிறது. தோற்கத் தெரியாத தலைமுறையை வளர்த்துவிட்டு, அமைதிக்காக மெழுகுவர்த்தி ஏந்தி ஊர்வலம் போவதில் என்ன பொருள்?

எனவே மரபா புதுமையா என்னும் வழக்கை நாம் இத்துடன் விட்டுவிடுவோம். பிள்ளைகள் கபடி ஆடட்டும், ஹாக்கி ஆடட்டும், சிலம்பம் சுற்றட்டும், கடற்கரை மணலில் கால்பந்து உதைக்கட்டும், கிரிக்கெட்டும் ஆடட்டும். நாம் செய்ய வேண்டியவை வேறு. பங்குத் திருவிழாப் போட்டிகளில் தெருவாரியாக அணி கட்டுவதை நிறுத்துவோம். எல்லாத் தெருப் பெயர்களையும் ஒரே பானையில் இட்டுச் சீட்டெடுத்து அணி சேர்ப்போம். பிறசமயத்துப் பிள்ளைகளுக்கும் அந்தப் பானையில் இடமிருக்கட்டும். பெண்களுக்கும் அதே திடல், அதே நேரம், அதே பரிசு என்று விதிப்போம். இன்னிசைக் கச்சேரிக்கும் அலங்கார விளக்குக்கும் கொட்டும் தொகையில் ஒரு பங்கைத் திடலின் மேல் செலவிடுவோம். பள்ளி முடிந்த பின்னும் வாயிற்கதவு திறந்திருக்கட்டும்.

சிலர் சினப்பார்கள், வரிகொடுக்க மறுப்பவரும் இருப்பர். மறுக்கட்டும். அடுத்த தெருப் பையனின் கையைப் பிடித்து ஆடச் சம்மதியாதவர் தரும் பணத்தில் கோப்பை வாங்குவதைவிட, கோப்பையே இல்லாமல் ஆடுவது மேல். ஆட்டத்திற்குத் தேவை சுண்ணாம்புக் கோடு மட்டுமே. வேறு கோடுகளை நாமே போட்டோம், நாமே அழிப்போம்.