சிக்னலும் நம் சொத்தாகட்டும்

மழை வந்தால் லயத்துக் கூரை ஒழுகுகிறது. போனில் சிக்னலும் போய்விடுகிறது. கூரைக்காகக் குரல் கொடுக்கும் நாம் சிக்னலுக்காக ஏன் கொடுப்பதில்லை?

இது சின்ன விசயமில்லை, தோழர்களே. கொரோனாவால் பாடசாலைகள் மூடியிருந்தபோது, 2021இல் ஊவாவின் போஹிட்டியாவ கிராமத்தில் ஆசிரியையும் பிள்ளைகளும் சிக்னலுக்காகக் காட்டுப் பாறையில் ஏறியதை உலகமே பார்த்தது. கைப்பேசிக் கம்பனிகள் இலாபக் கணக்குப் பார்க்கின்றன. ஆளும் காசும் குறைந்த இடத்துக்குக் கடைசியில்தான் டவர் வரும். 2024இல் எயார்டெல் டயலொக்குடன் இணைந்தபின், நாட்டில் மிஞ்சியிருப்பவை மூன்றே கைப்பேசிக் கம்பனிகள்.

மட்டக்களப்பைப் பாருங்கள். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து போன நம் குடும்பங்கள் அங்கும் வாழ்கின்றன. 56 கிலோமீற்றர் நீண்ட வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை. நகரமும் பெரிய வீதியும் அந்தப் பக்கம். மேற்கே படுவான்கரை; வயலும் கிராமமும் இந்தப் பக்கம். 2014இல் பாலம் திறக்கும்வரை மண்முனையில் பாதை ஏறித்தான் கடந்தார்கள்.

ஆனால் ரேடியோ அலைக்குப் பாலம் வேண்டாம். நேர்பார்வை இருந்தால் போதும். இரு கரையிலும் உயரமான கட்டடத்தில் சிறு அன்டனா வைத்தால், எழுவான்கரையில் வாங்கும் இணைய இணைப்பைப் படுவான்கரைப் பாடசாலைக்கும், அங்கிருந்து வீடுகளுக்கும் கொண்டுபோகலாம். குழி வெட்டத் தேவையில்லை. நீரில் பட்டுத் திரும்பும் அலை குழப்பாதபடி உயரத்தைக் கணக்குப் பார்த்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். நம் மலையில் மேட்டுக்கு மேடு வைப்பதும் இதே வேலைதான்.

இது கனவில்லை. அனுராதபுரம் மாவட்டத்து மகாவிலச்சியவில் நந்தசிறி வன்னிநாயக்க என்ற ஆங்கில ஆசிரியர் தொடங்கிய முயற்சியால், 2006 அளவில் கிராமத்து வீடுகள் கம்பியில்லா வலையில் இணைந்தன. அதற்கும் முன்பே, 1990களின் இறுதியில், யுனெஸ்கோ உதவியோடு கொத்மலை சமூக வானொலி இணையத்தில் தேடி நேயர்களுக்குப் பதில் சொன்னது. ஸ்பெயினின் கத்தலோனியாவில் 2004இல் தொடங்கிய குய்ஃபி வலையமைப்பு மக்களே கட்டியது; இன்று அதில் 30,000க்கும் மேற்பட்ட இணைப்பு முனைகள் உண்டு.

உதவிப் பணம் தொடங்கி வைக்கும், தொடர்ந்து நடத்தாது. மாதா மாதம் இணைப்புக் கட்டணம், மின்சாரம், பற்றரி, இடி விழுந்தால் புதுக் கருவி, ஏறித் திருத்த ஒரு கூலி. இவை உறுப்பினர் கட்டணத்திலிருந்துதான் வர வேண்டும். அதனால்தான் கூட்டுறவுச் சங்கம் என்கிறேன். கணக்கும் நம் கையில், கட்டணமும் நம் கூட்டத்தில் முடிவாகும், வேலையும் நம் பிள்ளைகளுக்கு.

சட்டம் குறுக்கே நிற்கிறது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, அமைச்சரின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் எவரும் தொலைத்தொடர்பு முறைமை நடத்த முடியாது. ஆகவே நம் கோரிக்கைகள்:

ஒன்று, கூட்டுறவுச் சங்கங்களுக்குக் குறைந்த கட்டணத்தில் பிரதேச அனுமதிப்பத்திரம்.

இரண்டு, அரசு பெரும் பங்கு வைத்திருக்கும் ஸ்ரீலங்கா டெலிகொம்மிடமிருந்து மொத்த விலையில் இணைப்பு.

மூன்று, தோட்டப் பாடசாலையிலும் மேட்டு நிலத்திலும் அன்டனா வைக்க நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதி.

நான்கு, நம் இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி.

“கொழுந்து பறிக்கிறவர்களுக்கு இதெல்லாம் ஏலுமா?” என்று சிலர் கேட்பார்கள். சந்தாக் காசில் சங்கத்தைக் கட்டியவர்கள் நாம். அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். எந்த லயத்தில் சிக்னல் இல்லை, எந்த மேட்டிலிருந்து எந்த மேடு தெரிகிறது என்று எழுதி மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். வேலையை அங்கிருந்து தொடங்குவோம்.