செத்த மண்ணுக்குச் சொந்தக்காரன் யார்?

ஹாலிஎலச் சரிவுகளில் மானாப்புல் மூடிக் கிடக்கும் தேயிலைக் காணிகளைக் காட்டி, "இந்த மண் செத்துவிட்டது, இதைத் தொழிலாளிக்குக் கொடுத்து என்ன பயன்?" என்று கேட்போர் பெருகிவிட்டனர். சாகடித்தவர் யார் ஐயா? தலைமுறை தலைமுறையாக ஒரே பயிரை நட்டு, மேல்மண்ணை மழைக்குப் பறிகொடுத்தவர் யார்? கொழுந்து கொய்த கைகளா?

செத்த மண்ணைக் காண விரும்புவோர் நெய்வேலிக்குச் செல்லட்டும். பழுப்பு நிலக்கரிக்காக ஆழத்திலிருந்து தோண்டிக் கொட்டிய மண் அது. மக்கும் இல்லை, நுண்ணுயிரும் இல்லை. அந்த மேட்டிலேயே, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் துணையோடு, எருவும் உயிர்ப்பசளையும் இட்டுப் பயிர் விளைவித்துக் காட்டினர். (அந்த நிறுவனத்துக்கு நாம் பல்லாண்டு பாடவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நின்ற நெற்பயிரின் மீதே கால்வாய் வெட்டியதும் அதுவேதான்.)

அசோஸ்பைரில்லம் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து வேருக்கு ஊட்டும். பொசுபோபற்றீரியா மண்ணில் கட்டுண்ட பொசுபரசைக் கரைத்துத் தரும். இவை உயிர்கள், இவற்றுக்கும் உணவு வேண்டும். சாணமின்றிப் பொட்டலத்தை மட்டும் வாங்கித் தூவுவது வீண்செலவு. நம் தேயிலை மண்ணோ புளிப்பு மிகுந்தது; கீரைக்கு முன்னதாக டொலமைட் இட்டு அதைத் தணிக்க வேண்டும். சரிவில் கல்வரம்பு கட்டாவிடில் இட்ட எருவெல்லாம் முதல் மழையோடு ஓடைக்குப் போய்விடும். இவற்றைச் செய்து, மாட்டுப்பட்டிச் சாணத்தையும் கிளிரிசிடியாத் தழையையும் மண்ணில் சேர்த்துவந்தால், முளைக்கீரையும் பொன்னாங்காணியும் தளிர்க்கும். ஆனால் ஒரே போகத்தில் அன்று; மண் தேறச் சில ஆண்டுகள் செல்லும். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து, நவம்பரில் தடையை நீக்கிக்கொண்ட ஆட்சியாளர் மறந்தது இதைத்தான்.

அத்தனை ஆண்டும் எருச் சுமப்பவன் யார்? நாளை "இறங்கு" என்றால் இறங்கவேண்டியவன் சுமப்பானா? 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளுக்குப் போயிற்று. கைகள் மாறின, லயத்தில் இருப்பவன் கைக்கு மட்டும் காணி வரவில்லை. பின்னர் வீட்டுக்கு 7 பேர்ச் என்று அளந்தார்கள். அதில் சுவர் எழுப்பிய பின் கீரைப்பாத்தி எங்கே போடுவது, கூரைமேலா?

தரிசாய்க் கிடக்கும் காணியை அளந்து, அதில் உழைக்கத் துணிந்த குடும்பத்தின் பெயருக்கு உறுதி எழுதுக! பதுளைச் சட்டத்தரணிகளே, அந்த உறுதிகளை எழுதிக் கொடுக்க முன்வாருங்கள். விவசாயப் போதனாசிரியர்களே, மண்ணைப் பரிசோதித்து டொலமைட் அளவைச் சொல்லுங்கள். எருக்கூடையைத் தூக்க லயத்தில் ஆள் இருக்கிறது.