கோடரி எவர் கையில்?

ஜப்பான் நாட்டு நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு இன்றும் காடு. தொழில்வளம் கொழிக்கும் நாட்டில் இத்தனை பசுமையா என்று வியப்போர் உளர். வியக்குமுன் அந்நாட்டுத் துறைமுகங்களின் கணக்கேட்டைச் சற்றே புரட்டிப் பார்த்திருக்க வேண்டும், தோழர்களே!

போரில் எரிந்த நகரங்களை மீண்டும் எழுப்ப ஜப்பானுக்கு மரம் தேவைப்பட்டது. பிலிப்பைன்ஸ் தன் 'லவான்' மரங்களைத் தந்தது. அங்கே வளம் குன்றியதும் சபா, இந்தோனேசியா, பின்னர் சரவாக் என்று கப்பல்கள் திசை மாறின. 1973ஆம் ஆண்டில் மட்டும் ஜப்பான் இறக்கிக்கொண்ட வெப்பமண்டல உருட்டுமரம் ஏறத்தாழ 2.6 கோடி கனமீட்டர். தலைமுறை தலைமுறையாக வளர்ந்த அந்த வன்மரங்கள் என்னவாயின? பெரும்பகுதி ஒட்டுப்பலகையாயிற்று. அதிலும் கணிசமான பங்கு, காங்கிரீட் வார்க்கும் சென்ட்ரிங் பலகையாகிச் சில முறை பயன்பட்டபின் குப்பைக்குப் போயிற்று! 1987இல் சரவாக்கின் பெனான் பழங்குடியினர் மரலாரிப் பாதைகளை மறித்து நின்றனரே, இப்படிப் பறிபோன காட்டைக் காக்கத்தான்.

சீனத்தின் கதை பின்னர் தொடங்குகிறது. 1998இல் யாங்சி ஆற்று வெள்ளம் ஆயிரக்கணக்கானோரை விழுங்கியது. மலைச்சரிவுகளை மொட்டையடித்ததன் விளைவும் அதில் உண்டென உணர்ந்த சீன அரசு, ஆற்றின் மேற்பகுதிக் காடுகளில் மரம் வெட்டத் தடை விதித்தது. 2017க்குள் இயற்கைக் காடுகள் அனைத்திலும் வணிகவெட்டு நிறுத்தப்பட்டது. நல்ல முடிவுதான், யார் குறை சொல்வார்? ஆனால் 1999இல் மரத்தின் மீதான இறக்குமதி வரி நீக்கப்பட்டதையும் அதனுடன் சேர்த்துப் படியுங்கள். பாப்புவா நியூகினி, சாலமன் தீவுகள், காபோன், பர்மா எங்கணும் கோடரியின் ஓசை! ஜப்பானின் வெப்பமண்டல உருட்டுமரக் கொள்முதல் தேய்ந்து துளியாயிற்று. சீனமோ உலகிலேயே மிகுதியாக உருட்டுமரம் வாங்கும் நாடாயிற்று.

ஒன்று சொல்லவேண்டும். ஜப்பான் வாங்கியதைப் பெரும்பாலும் தானே பயன்படுத்திற்று. சீனம் வாங்கும் மரத்தில் ஒரு பங்கு மேசையாகவும் கட்டிலாகவும் உருமாறி அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. பழி சீனத்திற்கு, கட்டில் அவர்களுக்கு!

விற்கும் நாடுகள் வாளாவிருந்தனவா? இல்லை. இந்தோனேசியா 1985இல் உருட்டுமர ஏற்றுமதியைத் தடுத்தது. காபோன் 2010இல், பர்மா 2014இல். மூலப்பொருளை விற்காதே, பண்டமாக்கி விற்பாய் என்பது நமக்கும் உடன்பாடான கொள்கையே. ஆயினும் ஜகார்த்தாவில் நடந்தது என்ன? ஒட்டுப்பலகை ஏற்றுமதி, சுகார்த்தோவின் நண்பர் பாப் ஹசன் தலைமை வகித்த சங்கத்தின் பிடியில் சிக்கியது. அன்னியனுக்குச் சென்ற ஆதாயம் அரண்மனை நண்பருக்குச் சென்றது. காட்டில் வாழ்ந்தவன் நிலை மாறவில்லை. தடைச் சட்டம் மட்டும் போதும் என்போர் இதற்கு விடை கூறவேண்டும்.

நமக்கும் இதில் ஒரு குருதிக் கணக்கு உண்டு. சேஷாசல மலைக்காட்டுச் செம்மரத்திற்குச் சீனத்துச் செல்வர் மாளிகைகளில் பெருமதிப்பு; களவாகக் கடல் கடக்கிறது அது. 2015 ஏப்ரல் 7 அன்று அக்காட்டில் ஆந்திரக் காவல்துறையின் துப்பாக்கிக்கு இரையான 20 பேரும் தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர்கள். கட்டை கடத்த வந்தவர்கள் என்றது காவல்துறை. வழியில் பிடித்துச் சென்று சுட்டனர் என்று கதறினர் உறவினர். கட்டையைக் கப்பலேற்றும் பெருவணிகர் ஒருவரேனும் அன்று அந்தக் காட்டில் வீழ்ந்தாரில்லை.