ஞாயிற்றுக்கிழமை யாருக்கு?

தூத்துக்குடித் தொழிலாளிக்கு ஞாயிறு விடுமுறை சும்மா கிடைத்ததல்ல. 1908 பிப்ரவரி 27-ல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னே நின்றார்கள். ஒன்பதே நாளில் வெள்ளைக்கார முதலாளி பணிந்தான். கூலி உயர்ந்தது, வேலைநேரம் குறைந்தது, ஞாயிறு ஓய்வும் வந்தது.

இன்று அதே ஊரில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் கட்டிட வேலையிலும் மீன் பதனிடும் ஆலைகளிலும் உழைக்கிறார்கள். வாரத்தில் ஒருநாள் ஓய்வு அவர்களுக்கும் உண்டு என்கிறது சட்டம். ஆனால் அன்றும் வேலைக்கு வா என்று கான்டிராக்டர் கூப்பிட்டால், பேச ஓர் ஆளில்லாத ஊரில் அவன் எப்படி மறுப்பான்?

முத்துநகர் கடற்கரையில் பாருங்கள். அவர்கள் ஒரு கூட்டம், நாம் ஒரு கூட்டம். சுண்டல் விற்கிறவர் ஒருவர்தான் இரு பக்கமும் பேசுகிறார்!

இந்த இடைவெளியில்தான் விஷம் புகுகிறது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகாரிகளைக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்களைப் பரப்பினார்கள். பயந்துபோய்ப் பலர் ரயிலேறினார்கள். பக்கத்தில் ஒரு தமிழ்ச் சிநேகிதன் இருந்திருந்தால், “அது பொய்யப்பா” என்று சொல்லியிருப்பான்.

அவர்களால்தான் நம் கூலி குறைகிறது என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். கூலியைக் குறைப்பவன் இருவரிடமும் தனித்தனியே பேரம் பேசுகிறவன். இதே தூத்துக்குடியில் கப்பலேறி இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் நம் பாட்டன் பாட்டிமார்தான். அங்கே “கள்ளத்தோணி” என்று ஏச்சு வாங்கியதை மறந்துவிட்டோமா?

சங்கங்கள் இந்தியிலும் ஒடியாவிலும் நோட்டீஸ் போடட்டும். அதற்கு முன், வரும் ஞாயிறு மாலை அவர்கள் பக்கம் போய் உட்காருங்கள். பெயரைக் கேளுங்கள், ஊரைக் கேளுங்கள், போன ஞாயிறு லீவு கிடைத்ததா என்றும் கேளுங்கள்.