வெளியே ஒரு காத்தாடி, வீட்டுக்குள் ஒரு காத்தாடி

ராதாபுரம் பக்கத்தில் எந்த மொட்டைமாடியில் ஏறி நின்றாலும் காற்றாலைகள் கண்ணில் படும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்றில், ஆனி ஆடி மாதங்களில் அவை சுழன்றுகொண்டே இருக்கும். ஊர்க்காரர்களுக்கு அது காத்தாடி. வீட்டுக் கூரையில் தொங்குவதும் பல ஆச்சிமாருக்குக் காத்தாடிதான்.

அப்படி ஒரு ஆச்சி, கட்டிலில் படுத்தபடி பேரனைக் கேட்கிறார்: "ஏலே, வெளிய இத்தனை காத்தாடி சுத்துது. நம்ம வீட்டுக் காத்தாடி மட்டும் ஏன்ல இப்படி முனகுது?"

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிக்கும் பேரன் சிரிக்கிறான். "அது காத்தைத் தின்னு கரண்ட்டைத் தருது ஆச்சி. இது கரண்ட்டைத் தின்னு காத்தைத் தருது."

விஷயம் முழுக்க அந்தப் பதிலில் இருக்கிறது. காந்தப்புலமும் கம்பிச்சுருளும் ஒன்றையொன்று கடந்து அசைந்தால் மின்சாரம் பிறக்கும் என்று 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தார். காற்றாலையைக் காற்று சுழற்றுகிறது. பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீர் சுழற்றுகிறது. இதே ராதாபுரம் வட்டத்தில் இருக்கும் கூடங்குளத்தில் நீராவி சுழற்றுகிறது. எல்லாம் மின்தொகுப்பில் கலந்து நம் வீட்டுக்கு வருகிறது. வந்த மின்சாரத்தை மறுபடி சுழற்சியாக மாற்றுவது ஃபேன்.

சீலிங் ஃபேனின் நடுவில் காயில் கட்டிய பகுதி அசையாமல் நிற்கிறது. அதைச் சுற்றியுள்ள கூடுதான் இறக்கைகளோடு சுழல்கிறது. காயிலில் இரண்டு சுற்றுகள் உண்டு. ஒன்றில் மின்னோட்டம் நேராகப் போகிறது. மற்றொன்றில் கண்டன்சர் வழியாகச் சற்று முன்பின்னாகப் போகிறது. இந்த வித்தியாசத்தால் காந்தப்புலம் சுழல்கிறது. வெளிக்கூடும் அதன் பின்னாலேயே ஓடுகிறது. கண்டன்சர் வலுவிழந்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றும். சில சமயம் கையால் தள்ளிவிட்டால்தான் கிளம்பும். ஆச்சி வீட்டு முனகலுக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். பேரிங் தேய்ந்திருக்கலாம், வோல்டேஜ் குறைந்திருக்கலாம். கண்டன்சர் மாற்ற அதிகச் செலவில்லை. ஆனால் மெயினை அணைக்காமல் ஸ்டூலில் ஏறக் கூடாது. பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதே நல்லது.

இனி பில் கணக்கு. பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். தினம் 12 மணி நேரம் ஓடினால் 2 மாதத்தில் 54 யூனிட். 2 ஃபேன் என்றால் 108 யூனிட். 2016-இல் வந்த சலுகைப்படி 2 மாதத்துக்கு இலவசம் 100 யூனிட்தான். ஃபேன் மட்டுமே அதைத் தாண்டிவிடுகிறது! இப்போது கிடைக்கும் பி.எல்.டி.சி. ஃபேன் சுமார் 30 வாட்டில் அதே அளவு காற்றைத் தருகிறது. 2 ஃபேனுக்கும் சேர்த்து 43 யூனிட் சொச்சம்தான். விலை கூடுதல். ஆனாலும் இரவு பகலாக ஓடும் அறையில் முதலில் மாற்றினால் பணம் சீக்கிரம் திரும்பி வரும். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேன்களுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம். வாங்கும்போது நட்சத்திரங்களை எண்ணிப் பாருங்கள்.

பெட்டி மாதிரி இருக்கும் பழைய ரெகுலேட்டரில் வேகத்தைக் குறைத்தால், மிச்சமாவதில் ஒரு பங்கு அந்தப் பெட்டிக்குள்ளேயே சூடாகப் போய்விடும். எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் இந்த நஷ்டம் மிகக் குறைவு.

கடைசியாக, பலரும் நம்பும் ஒரு தவறு. ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை. அது இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது. நமக்குக் குளிர்ச்சி தருவது, காற்று பட்டு உலரும் நம் வியர்வை. ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் பில்லும் சூடும்தான் ஏறும்.

இதனால்தான் கோடையில் முதியவர்கள் விஷயத்தில் கவனம் வேண்டும். அறையின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் காற்று உடம்பை மேலும் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. வயதானவர்களுக்கு வியர்வையும் குறைவு. அந்த நேரத்தில் ஃபேனை மட்டும் நம்பி அவர்களைத் தகரக் கூரைக்குக் கீழே விட்டுவிடக் கூடாது. ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிட்டு, தண்ணீர் கொடுத்து, குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றுங்கள். வெயில் இறங்கியதும் ஜன்னலைத் திறந்தால், ஆச்சி கேட்ட அந்த வெளிக்காற்று செலவில்லாமல் உள்ளே வரும்.