உஸ்தாத் வராத நாளில் பிள்ளைகள் எதை வாசிப்பார்கள்?



சென்ற ஆண்டு மழைக்காலத்தில் என் தாயார் நோயுற்றபோது, ஊருக்குச் சென்று ஆறு நாட்கள் தங்க நேர்ந்தது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை ஒட்டிய எங்கள் மக்தப் மத்ரஸாவில் மாலை நேரத்தில் ஓத வரும் சிறு பிள்ளைகள் முப்பது பேருக்கு மேல். எனக்குப் பகரமாக இருக்கும்படி முஹல்லாவைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவரிடம் சாவியைக் கொடுத்தேன். ‘பிள்ளைகளைப் பார்த்துக்கொள் தம்பி’ என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தாளில் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை.

திரும்பி வந்தபோது ஒரு பிள்ளையைக் காணவில்லை. ஏழு வயதுச் சிறுவன். பீகாரிலிருந்து வேலைக்கு வந்த குடும்பம். வீட்டில் பேசுவது உருது. தமிழ் எழுத்துகளை அப்போதுதான் ஒவ்வொன்றாக அடையாளம் காணத் தொடங்கியிருந்தான். விசாரித்தேன். பகரமாக வந்த மாணவர், யாருக்கு எவ்வளவு தெரியும் என்பதை அறியாமல், எல்லோரையும் வரிசையாக எழுப்பி ஒரு தமிழ்க் கதைப் புத்தகத்தை உரக்க வாசிக்கச் சொல்லியிருக்கிறார். இந்தப் பிள்ளை நின்றான், வாய் திறக்கவில்லை. மற்றவர்கள் சிரித்தார்கள். மறுநாள் முதல் அவன் வரவில்லை.

அந்த மாணவர் மீது குற்றமில்லை. அவர் நல்லெண்ணத்தோடு வந்தவர். பிள்ளைகளுக்கு எதையேனும் கற்பிக்க வேண்டுமென்று முயன்றவர். குற்றம் என்னுடையது. அமானிதத்தை ஒருவர் கையில் ஒப்படைத்தவன், அது இன்னதென்று சொல்லாமல் போய்விட்டேன். அன்று முதல் என் மனத்தில் உறுதிப்பட்ட கருத்தையே இங்கு எழுதுகிறேன்: ஆசிரியர் விடுப்பில் செல்லும்போது பிள்ளைகளின் வாசிப்புக்கென எளிய வேலைகளை ஆயத்தம் செய்து வைத்துவிட்டுப் போவது கூடுதல் நற்பணி அன்று, அது அவருடைய கடமையின் ஒரு பகுதி.

நம் மார்க்கத்தில் இதற்கு அழகிய முன்மாதிரி உண்டு. ஹிஜ்ரி 23-ஆம் ஆண்டு, ஃபஜ்ருத் தொழுகையில் இமாமாக நின்ற கலீஃபா உமர் (ரலி) அவர்கள் கத்தியால் குத்தப்பட்டார்கள். அந்த நிலையிலும் பின்னால் நின்ற அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களின் கையைப் பிடித்து முன்னே நிறுத்தினார்கள். அவர் சுருக்கமாகத் தொழுகையை நடத்தி முடித்தார் என்று ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. இமாமுக்குத் தடை நேரும்போது இன்னொருவரை முன்னிறுத்துவதை ஃபிக்ஹு நூல்கள் ‘இஸ்திக்லாஃப்’ என்று அழைக்கின்றன. இதில் இரண்டு பாடங்களை நான் காண்கிறேன். பகரமாக வருபவர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். அவர் அதே ஸஃப்பில் நின்றவராதலால் எந்த இடம் என்பதை அறிந்திருக்கிறார். அடுத்து, அவர் மீது நீண்ட கிராஅத்தின் சுமை இல்லை. சுருக்கமும் எளிமையுமே அந்த நேரத்திற்குப் பொருத்தம். நம் வகுப்பறைகளிலோ இவ்விரண்டுமே இல்லை. பகரமாக வருபவருக்கு இடமும் தெரிவதில்லை. எளிய வேலையும் கையில் இருப்பதில்லை.

இது மத்ரஸாக்களுக்கு மட்டும் உரிய குறையன்று. கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். அவர்களில் ஒருவர் பயிற்சிக்கோ மருத்துவ விடுப்பிலோ சென்றால், மற்றவர் ஐந்து வகுப்புகளையும் ஒருசேரப் பார்க்க வேண்டும். அத்தகைய நாளில் முதலில் கைவிடப்படுவது ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்புத்தான். ஏனெனில் பெரிய பிள்ளைகளுக்குப் பார்த்து எழுதும் வேலை கொடுத்து உட்கார வைக்கலாம். எழுத்தே தெரியாத பிள்ளைக்கு எதைக் கொடுப்பது?

இக்கேள்விக்கு விடை தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டதால் ஏற்பட்ட இடைவெளியைப் போக்க, தமிழக அரசு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை 2022 ஜூன் 13 அன்று தொடங்கி வைத்தது, நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான். 8 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எல்லோரும் 2025-க்குள் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெற வேண்டும் என்பது அதன் இலக்காக இருந்தது. அதில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பார்க்கப்படுகிறார்கள். வகுப்பு ஒன்றாக இருப்பினும் நிலை வேறாக இருக்கலாம் என்பதே இதன் அடிப்படை. என்னிடம் வந்த மாணவர் அறியாது போனதும் இதுதான். அதற்கு முந்தைய 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’, ஆசிரியர் அல்லாத தன்னார்வலர்களையும் பிள்ளைகளுக்கு வாசிப்புக் கற்பிக்க அமர்த்தியது. கையில் தகுந்த கருவியைக் கொடுத்தால் நம் தெருவில் இருக்கும் சகோதரியும் பிள்ளைகளை வாசிக்க வைக்க முடியும் என்ற நம்பிக்கை அத்திட்டத்தின் அடியில் இருந்தது.

இப்போது எங்கள் மத்ரஸாவின் அலமாரியில் ஒரு துணிப்பை இருக்கிறது. அதனுள் முதலாவதாக ஒரு தாள். அதில் பிள்ளைகளின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அப்பிள்ளை நிற்கும் இடம். யாரைத் தனியே எழுப்பி வாசிக்கச் சொல்லக் கூடாது, யாரை அழைத்துச் செல்ல வீட்டிலிருந்து ஆள் வரும் என்ற விவரங்கள். அதன் பிறகு ஐந்து எளிய வேலைகள். எவரும் செய்யக் கூடியவை. செலவும் மிகக் குறைவு.

ஒன்று, பெயர் அட்டை. ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் பெரிய எழுத்தில் எழுதிய அட்டைகள் பாயில் பரப்பி வைக்கப்படும். பிள்ளை தன் பெயரை எடுக்க வேண்டும். பின்னர், தன் பெயரின் முதல் எழுத்து வேறு எந்த அட்டைகளில் இருக்கிறதென்று தேட வேண்டும். எந்தப் பிள்ளைக்கும் மிகவும் பிரியமான சொல் தன் பெயரே.

இரண்டு, எழுத்துக் கூட்டல். ப, ம, க, ட, ல், ம் ஆகிய ஆறு அட்டைகள் போதும். படம், மடம், கடல், மடல், பகல், கல், பல் என ஏழு சொற்களைச் சேர்த்து வாசிக்கலாம். ‘இன்னொரு சொல் அமையுமா?’ என்று கேட்டாலே பிள்ளைகள் அரை மணி நேரம் அமைதியாகத் தேடுவார்கள்.

மூன்று, தொடர்ந்து சொல்லுதல். பெரிய எழுத்தில் அச்சிட்ட சிறு கதை ஒன்றைப் பகரமாக வருபவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசிப்பார். பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து திருப்பிச் சொல்வார்கள். சேர்ந்து சொல்லும்போது தெரியாத பிள்ளை வெட்கப்பட வேண்டியதில்லை. கேட்டுக் கேட்டே அறிந்துகொள்ளும்.

நான்கு, பிள்ளை சொன்னதை எழுதுதல். ஒரு படத்தைக் காட்டி ‘இதில் என்ன நடக்கிறது?’ என்று கேட்க வேண்டும். பிள்ளை சொல்லும் வாக்கியத்தை அப்படியே கரும்பலகையில் எழுதி, அதையே வாசிக்கச் செய்ய வேண்டும். தன் வாயிலிருந்து வந்த சொல்லைப் பலகையில் காணும் பிள்ளையின் முகத்தை ஒருமுறை பாருங்கள்.

ஐந்து, அரபு எழுத்துக்கு. தாளில் படகு போன்ற வடிவத்தை வரைந்து, புளியங்கொட்டைகளைக் கொடுத்துவிடலாம். கீழே ஒன்று வைத்தால் பா. மேலே இரண்டு வைத்தால் தா. மேலே மூன்று வைத்தால் ஸா. கண்ணும் கையும் எழுத்தைப் பழகிக்கொள்ளும்.

ஒரு தடையும் அத்தாளில் எழுதியிருக்கிறேன். தஜ்வீத் முறைப்படி கற்காதவர், காயிதாவில் புதிய பாடம் எதையும் தொடங்க வேண்டாம். பிள்ளை தவறான மக்ரஜில் ஒரு வாரம் பழகிவிட்டால், அதைத் திருத்த மாதக்கணக்கில் பாடுபட வேண்டியிருக்கிறது. அரபில் புள்ளி வைக்கும் விளையாட்டும், முன்பே மனனமான ஸூராக்களைச் சேர்ந்து ஓதுவதும் போதும். மீதி நேரமெல்லாம் தமிழ் வாசிப்புக்கே.

இங்கே பெற்றோர் சிலர் கேட்கிறார்கள்: “ஹஜ்ரத், தமிழ் கற்றுக்கொள்ளப் பள்ளிக்கூடம் இருக்கிறதே, மத்ரஸா நேரத்தை ஏன் அதற்குச் செலவிடுகிறீர்கள்?” நியாயமான கேள்விதான். ஓதுவதற்கென அனுப்பும் நேரம் குறைவு. அதுவும் மாலைக் களைப்பில் வரும் நேரம். என் மறுமொழி இதுதான்: தமிழ் வாசிக்க அறியாத பிள்ளை, அப்துல் ஹமீது பாகவி (ரஹ்) போன்ற அறிஞர்கள் பல்லாண்டு உழைத்துத் தந்த குர்ஆன் தமிழாக்கத்தை நாளை எப்படித் திறப்பான்? தமிழை அரபு எழுத்தில் எழுதி, அரபுத்தமிழில் மார்க்க நூல்களைப் படைத்த முன்னோரின் வழிவந்தவர்கள் நாம். அவர்கள் மொழியையும் மார்க்கத்தையும் இரண்டு கூடாரங்களாகப் பிரிக்கவில்லை.

பத்ருப் போர் முடிந்தபின் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மீட்புத் தொகை கொடுக்க இயலாத கைதிகளில் எழுதத் தெரிந்தவர்கள், அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதையே மீட்புத் தொகையாக நபி (ஸல்) அவர்கள் ஏற்றார்கள் என்று ஹதீஸ், வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கற்றுக்கொடுத்தவர்கள் நேற்றுவரை வாளேந்தி எதிரே நின்றவர்கள். அவர்களிடம் மார்க்கத்தைக் கேட்கவில்லை. எழுத்தை மட்டுமே கேட்டார்கள். எதை யாரிடம் ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கலாகாது என்ற தெளிவு அதில் இருக்கிறது. எழுத்தறிவைக் கற்பிக்க, எழுத்தறிந்த எவரும் போதும். நம் முஹல்லாவில் பத்தாம் வகுப்புவரை படித்த தாய்மார்கள் எத்தனை பேர்! அவர்களில் ஒருவர் அந்தப் பையைத் திறந்தால் போதும்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். தொழிற்பேட்டையில் ஆலைகளுக்கு ஷிஃப்ட் முறை உண்டு. ஒருவர் வராவிட்டால் வேறொருவரை நிறுத்தி இயந்திரத்தை ஓட்டுகிறார்கள். நம் பிள்ளைகளின் கல்விக்கு அந்த ஏற்பாடுகூட இல்லை. உஸ்தாத் நோயுற்றால் ஒன்று விடுமுறை விடுகிறோம், அல்லது காய்ச்சலோடு அவரை உட்கார வைக்கிறோம். ஒவ்வொரு மத்ரஸாவும் பகரமாக வரக்கூடிய இருவரின் பெயரை முன்கூட்டியே எழுதி வைக்கட்டும். அவர்களை மாதம் ஒருமுறை வகுப்பில் வந்து அமரச் செய்யட்டும். ஸஃப்பில் நிற்பவருக்குத்தான் இமாம் ஓதும் இடம் தெரியும். வரும் நாளுக்குச் சிறு தொகையேனும் கொடுக்கட்டும்.

அந்தச் சிறுவனின் வீட்டுக்கு நான் போனேன். தகப்பனார் இரவு வேலை முடித்து உறங்கிக்கொண்டிருந்தார், தாயார் எழுப்பினார். “மௌலவி சாஹிப், அவனுக்குப் படிப்பு வராது போலிருக்கிறது” என்று அவர் உருதுவில் சொன்னபோது எனக்கு நெஞ்சு கனத்தது. ஏழு வயதுப் பிள்ளையைப் பற்றி அப்படியொரு முடிவு, ஒரு மாலை வகுப்பினால்! தவறு அவனுடையதல்ல, என்னுடையது என்று அவன் கேட்கும்படியே சொன்னேன். கையில் அவன் பெயர் எழுதிய அட்டையைக் கொடுத்தேன். நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு நாள் கழித்து வந்தான், அல்ஹம்துலில்லாஹ்.

எல்லாப் பிள்ளைகளும் அப்படித் திரும்பி வருவதில்லை. வராமலே போனவர்களைப் பற்றி நாம் விசாரிப்பதுமில்லை. ஆகவே, ஆசிரியப் பெருமக்களே, இன்று மாலை வகுப்பை முடித்துக் கதவைப் பூட்டும் முன் ஒரு தாளை எடுங்கள்; நாளை நீங்கள் வர இயலாமல் போனால் உங்கள் பிள்ளைகள் எதை வாசிப்பார்கள் என்று எழுதி வையுங்கள்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களை முறையாக நிறைவேற்றும் நல்லடியார்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.