வாயைக் கட்டச் சொல்பவர்கள்

"வாயைக் கட்டத் தெரியாதவர்கள் வயிற்றை அறுத்துக்கொள்கிறார்கள்" என்றார் ஒரு பெரியவர். சென்ற ஆவணியில், பெண்ணாடத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், எனக்கு எதிர் இலையில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். சொல்லிவிட்டு, தம்முடைய சாமர்த்தியத்தைத் தாமே மெச்சிக்கொண்ட முகத்தோடு, பாயசத்துக்காக மூன்றாவது தடவை பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார். பந்தியில் பத்துப் பேர் சிரித்தார்கள். பேச்சுக்கு இலக்கானவள் என் அக்காள் மகள். எனக்கு இரண்டு இலை தள்ளி உட்கார்ந்து, அரைக் கரண்டி சாதத்தைப் பருப்போடு மசித்து, இருபது நிமிஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. சின்ன வயதிலிருந்து அவள் அப்படித்தான் சிரித்துத் தப்பித்து வருகிறாள்.

நான் அங்கே பதில் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் சண்டை கூடாது என்பது ஒரு காரணம். பதில் ஒரு பந்தி நேரத்துக்குள் அடங்காது என்பது இன்னொன்று. எழுதுகிறவனுக்கு இருக்கிற ஒரே சௌகரியம், வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டுக்கொண்டு நிதானமாகச் சண்டை போடலாம்.

அவள் வாயைக் கட்டாதவளா? பதினேழு வயதிலிருந்து அவள் கட்டாத கட்டு இல்லை. கொள்ளுக் கஞ்சி, வெந்நீரில் தேன், ராத்திரிப் பட்டினி, யாரோ சொன்ன லேகியம், எல்லாம் ஆயிற்று. ஒரு தடவை பதினாறு கிலோ குறைந்தாள். ஒன்றரை வருஷத்தில் பத்தொன்பது கிலோ ஏறிற்று. பெரியவர் இதைச் சோம்பல் என்பார். வைத்திய சாஸ்திரம் வேறு சொல்கிறது. பட்டினியால் இளைத்த உடம்பு, தான் பஞ்சத்தில் அகப்பட்டுக்கொண்டதாக எண்ணுகிறது. செலவைச் சுருக்குகிறது, பசியைக் கூட்டுகிறது. 1999-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கிரெலின் என்ற பசி ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலும் இரைப்பையில்தான் அது சுரக்கிறது. 2011-இல் மெல்பர்ன் ஆராய்ச்சியாளர்கள், உணவைக் குறைத்து இளைத்தவர்களை ஒரு வருஷம் கழித்துப் பரிசோதித்தபோது, அந்தச் சுரப்புகள் அப்போதும் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. வருஷக்கணக்கில் தன் உடம்போடு மல்லுக்கு நிற்கிறவளைப் பார்த்து, இரண்டு மணி நேரம் ஏகாதசி இருக்கத் தெரியாதவர் வாயைக் கட்டச் சொல்கிறார்.

இந்த ஆபரேஷன் ஏதோ நேற்று முளைத்த நாகரிகம் என்றும் சிலர் நினைக்கிறார்கள். 1954-இலேயே அமெரிக்காவில் மினசோட்டாவில் குடலைச் சுற்றுவழியில் இணைத்துப் பார்த்தார்கள். அந்த முறை பேதியையும் ஈரல் கெடுதலையும் தந்ததால் பிற்பாடு கைவிடப்பட்டது. 1966-இல் அயோவாவில் டாக்டர் எட்வர்ட் மேசன் இரைப்பையைப் பிரித்துக் குடலோடு இணைக்கும் முறையைக் கொண்டுவந்தார். என் அக்காள் மகளுக்குச் செய்தது அதன் வழித்தோன்றல். மேல் இரைப்பையில் சிறு எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு பையை மட்டும் பிரித்து, அதைக் குடலின் கீழ்ப்பகுதியோடு சேர்த்துவிடுவார்கள். இரைப்பையில் முக்கால் பாகத்துக்குமேல் வெட்டி எடுத்து மிச்சத்தைக் குழாய்போல் ஆக்குகிற முறையும் உண்டு. ஸ்வீடனில் 1987 முதல், ஆபரேஷன் செய்துகொண்ட சுமார் 2,000 பேரையும் செய்துகொள்ளாத அத்தனை பேரையும் தொடர்ந்து கவனித்தார்கள். செய்துகொண்டவர்களிடையே சாவு குறைவு என்று 2007-இல் முடிவு வெளியாயிற்று. ஆகவே இது அலங்கார வைத்தியம் அல்ல. நம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம்கூட 2019-இல் ஒரு விதி வகுத்தது. பி.எம்.ஐ. என்கிற கணக்கு 40-க்கு மேலிருந்தால், அல்லது 35-க்கு மேலிருந்து கூடவே கடுமையான உபாதைகளும் இருந்து, மற்ற வழிகள் பலிக்காமல் போனால், டாக்டர் யோசனையின் பேரில் செய்துகொள்ளும் ஆபரேஷனுக்குக் காப்பீட்டைக் கேட்கலாம். அவளுக்கு அந்தக் கணக்கு 47. எடை 118 கிலோ, வயது முப்பத்து நான்கு, சர்க்கரை, முழங்கால் வலி, தூக்கத்தில் மூச்சுத் திணறல். இப்போது வாரம் ஒரு முறை போட்டுக்கொள்ளும் ஊசி மருந்துகளும் வந்துவிட்டன. அவை பலருக்கு உதவுகின்றன. அவளுடைய டாக்டர் கத்தியைத்தான் சொன்னார்.

பெரியவருக்குச் சொல்லவேண்டியது இவ்வளவுதான். ஆனால் என் சண்டை அவரோடு மட்டும் இல்லை. ஆபரேஷனைச் சட்டை தைத்து வாங்குவதுபோல விளம்பரம் செய்கிறார்களே, அவர்களோடும்தான். முன்பு ஒரு படம், பின்பு ஒரு படம். நடுவில் ஒன்றுமே நடக்கவில்லை என்பதுபோல. அந்த நடுவில் ஒரு வருஷத்துக்கு மேல் கிடக்கிறது. அதை நான் கூட இருந்து பார்த்தேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் மூன்று மாதம் ஆயத்தம். உள்நோக்குக் குழாய்ப் பரிசோதனை, இருதயப் பரிசோதனை, ஒரு ராத்திரி முழுவதும் தூக்கப் பரிசோதனை. அதன் பிறகு தினம் ராத்திரி முகமூடி மாட்டி, காற்றழுத்த இயந்திரத்தோடு தூங்கப் பழகினாள். மனோதத்துவ நிபுணர் ஒருவர் அவளோடு ஒரு மணி நேரம் பேசினார். "அவர்தான் மாமா, முதல் தடவையாக என்னிடம் எடையைப் பற்றித் திட்டாமல் பேசினவர்" என்றாள். மூன்று உருண்டைகள் வைத்த ஒரு பிளாஸ்டிக் கருவியை மூச்சால் இழுத்து இழுத்து, நுரையீரலுக்குப் பயிற்சி கொடுத்தாள். கடைசி இரண்டு வாரம் பெரும்பாலும் திரவ ஆகாரம், அதுவும் அளந்து. இரைப்பையின்மேல் ஈரல் கவிந்திருக்கிறது. கொழுப்பேறிப் பருத்த ஈரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேலை செய்வது டாக்டருக்குக் கஷ்டம், நோயாளிக்கு ஆபத்து. அந்த இரண்டு வாரத்தில் ஈரல் சுருங்கிவிடுகிறது. வாயைக் கட்டவில்லை என்கிறார்களே, அந்தப் பதினான்கு நாளில் ஒரு நாளை அவர்கள் கட்டிப் பார்க்கட்டும்.

இவற்றோடு நடைப் பயிற்சி. நட, நட என்று ஊரே சொல்லிற்று. நடப்பதற்கு ஊர் விடவேண்டாமா? பெண்ணாடத்துக் கோயிலின் விமானம், படுத்திருக்கும் யானையின் முதுகு போன்றது. தூங்கானை மாடம் என்று பெயர். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். அபூர்வமான அமைப்பு, பார்க்காதவர்கள் அவசியம் பார்க்கவேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அந்தப் பெயரை அவளுக்கு வைத்துவிட்டார்கள். "தூங்கானை வருது" என்று கூவுவார்கள். இருபது வருஷம் ஆகியும் அந்தப் பெயர் போகவில்லை. அதனால் அவள் விடியற்காலை நாலரை மணிக்கு, தெருவில் கோலம் போட யாரும் வருமுன், கோயில் வீதியைச் சுற்றி நடந்துவிட்டுத் திரும்பிவிடுவாள். என் அக்காள் டார்ச் விளக்கோடு பின்னால் போவாள். திருடுபவன்கூட அவ்வளவு பயந்து நடந்திருக்கமாட்டான்.

இந்தச் சமயத்தில்தான், 2024 ஏப்ரலில், அந்தச் செய்தி வந்தது. புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் சென்னைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எடை குறைப்பு ஆபரேஷனின்போது இறந்துபோனார். அரசாங்கம் விசாரணைக் குழு அமைத்தது. அந்த ஆஸ்பத்திரியின் பதிவைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தார்கள். பெண்ணாடத்தில் எங்கள் வீட்டுக்கு அன்று மட்டும் நாலு பேர் பேப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள்போல வந்து, "இதெல்லாம் தேவையா?" என்றார்கள். யாரோ பெற்ற பிள்ளையின் சாவு அவர்களுக்கு ஒரு புத்திமதியாகப் போய்விட்டது. என் அக்காள், "வேண்டாம், விட்டுவிடலாம்" என்று அழுதாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் கை நடுங்கிற்று. தைரியமாக இருந்தவள் அவள் ஒருத்திதான். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எட்டுக் கேள்விகள் எழுதிக்கொண்டு டாக்டரிடம் போனாள். இதே ஆபரேஷன் இங்கே எத்தனை செய்திருக்கிறீர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவு இதே கட்டடத்தில் இருக்கிறதா, மயக்க மருந்து டாக்டர் முன்னாலேயே என்னைப் பார்ப்பாரா, ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது என்றால் யார் வருவார்? டாக்டர் எரிச்சல்படாமல் எட்டுக்கும் பதில் சொன்னார். நல்ல கைகளில், நல்ல ஆயத்தத்தோடு, இதில் ஆயிரத்தில் ஓரிருவருக்குமேல் சாவு இல்லை என்றார். ஓரிருவர் உண்டு என்பதையும் மறைக்கவில்லை. அதனால்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

ஜூலையில் ஆபரேஷன் நடந்தது. அன்று சாயங்காலமே எழுப்பி நடக்கவிட்டார்கள். காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போய்விடக் கூடாது என்று. நாடி வேகமானாலோ, ஜுரம் வந்தாலோ, வயிற்று வலி கூடினாலோ, தையல் கசிகிறதா என்று உடனே பார்க்கவேண்டுமாம். இரண்டாவது ராத்திரி நான் துணைக்கு இருந்தேன். தூக்கம் வராமல் அவள் பேசிக்கொண்டிருந்தாள். நான் எழுதிய பழைய கதை ஒன்றில் தாசில்தார் மனைவி ஒருத்தி வருவாள். பருத்தவள். வாசற்படியில் பக்கவாட்டாகத் திரும்பி நுழைவாள், நாற்காலி முனகும், வாசகர்கள் சிரித்தார்கள், பத்திரிகாசிரியர் கடிதம் போட்டுப் பாராட்டினார். "பத்தாவது படிக்கும்போது அந்தக் கதையைப் படித்தேன், மாமா. அதற்கப்புறம் உங்கள் வீட்டுக்கு வந்தால் தரையில்தான் உட்காருவேன், கவனித்திருக்கிறீர்களா?" என்றாள். கவனித்திருந்தேன். அடக்கமான பெண் என்று நினைத்திருந்தேன்.

மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கேதான் விளம்பரத்தின் இரண்டாவது படம் முடிந்துவிடுகிறது. அவளுக்கு ஆரம்பமே இங்கேதான். மருந்து அளக்கிற சின்னக் குவளையில் 30 மில்லி தண்ணீர். அதைக் கால் மணி நேரம் உறிஞ்சவேண்டும். பருப்புத் தண்ணீர், மோர், புரதப் பொடி கரைத்த பால். மூன்றாம் வாரம் மசித்த இட்லி, குழைந்த பருப்பு. பிறகு முட்டை வெள்ளை. கெட்டி ஆகாரத்துக்கு இரண்டு மாதம் ஆயிற்று. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக்கூடாது. அரை மணி நேரம் பொறுக்கவேண்டும். எதைச் சாப்பிட்டாலும் புரதம் முதலில், ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல். சைவச் சமையல் கட்டில் அதை எட்டுவது எவ்வளவு பாடு என்பதை என் அக்காளிடம் கேட்டால் தெரியும். இரும்பு, கால்சியம், விட்டமின் டி, பி-12 எல்லாம் ஆயுள் முழுக்க. இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடக்கூடாது. இரண்டு மணி நேரம் இடைவெளி. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை. ஒன்றரை வருஷம் வரையில் கர்ப்பம் கூடாது.

இத்தனை விதிகளையும் காப்பாற்றவேண்டிய இடம் சமையலறை. நம் சமையலறைக்கு வேறு விதி இருக்கிறது. பெண்ணாடம் கலிக்கம்ப நாயனாரின் ஊர். அடியாருக்குக் கால் கழுவ நீர் வார்க்கத் தயங்கிய மனைவியின் கையையே வெட்டியவர் அவர். அந்த ஊரில் போய் "எனக்குப் போதும்" என்று ஒருத்தி இலையை மறைத்தால் என்ன ஆகும்? அவளை வாழ்நாளெல்லாம் வாயைக் கட்டச் சொன்ன அத்தைமார்களே, "ஒரே ஒரு ஜிலேபி, எனக்காக" என்று ஐந்தாவது வாரம் வந்து நின்றார்கள். மறுக்கமுடியாமல் பாதி தின்றாள். சின்னப் பையில் தங்காமல் சர்க்கரை நேரே குடலில் பாய்ந்து, வேர்த்து, படபடத்து, தலை சுற்றிப் பாயில் சுருண்டுவிட்டாள். "பார்த்தாயா, ஆபரேஷன் உடம்புக்கு ஆகவில்லை" என்றாள் ஜிலேபி கொண்டுவந்த அத்தை.

நாலாவது மாதம் தலைமயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. சீக்கிரமாக இளைக்கிறவர்களுக்கு அது வருவதுண்டு, பிறகு முளைத்துவிடும். முன்பே டாக்டர் சொல்லியிருந்தார். ஊருக்கு யாரும் சொல்லவில்லை. "ஏதோ வியாதி, மறைக்கிறார்கள்" என்று பேச்சு. பருத்திருந்தபோது சிரித்தவர்கள் இளைத்தபோது பரிதாபப்பட்டார்கள். எது மோசம் என்று அவளைக் கேட்டேன். பரிதாபம்தான் என்றாள், சிரிப்புக்குப் பதில் சிரிப்பு இருக்கிறது, பரிதாபத்துக்கு எதைச் செய்வது?

இப்போது 82 கிலோ. சர்க்கரை மாத்திரையை டாக்டர் நிறுத்திவிட்டார். முகமூடி பரணில் இருக்கிறது. வயிற்றிலும் கையிலும் தோல் தளர்ந்து தொங்குவதை அவள் மறைப்பதில்லை. மூன்று மாதமாக எடை அசையாமல் நிற்கிறது. மறுபடி ஏறவும் கூடும் என்று அவளுக்குத் தெரியும். காலையில் ஏழு மணிக்கு, கோலம் போடுகிறவர்கள் பார்க்க, கோயில் வீதியில் நடக்கிறாள்.

அந்தக் கல்யாணத்தில் இன்னும் ஒரு விஷயம் நடந்தது. கை கழுவுகிற இடத்தில் பெரியவர் என்னைத் தனியாக ஒதுக்கிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவருடைய பேரனுக்கு இருபத்தோரு வயது, 140 கிலோ, காலேஜுக்குப் போகமாட்டேன் என்று அறைக்குள்ளேயே இருக்கிறானாம். "எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு ஆகும்?" என்றார். பையில் பேனா இருந்தது. கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில், நினைவிலிருந்து, அவளுடைய எட்டுக் கேள்விகளையும் எழுதிக் கொடுத்தேன். ஒன்பதாவதாக, பையனோடு நீங்கள் கடைசியாக எப்போது பேசினீர்கள் என்று எழுதலாமா என்று நினைத்தேன். எழுதிவிட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தார்.